கிட் கப்பல் தண்ணீரில் நிற்க வேண்டுமா? முதலில் தராசு, அப்புறம் பசை

நான் முதன்முதலில் தண்ணீரில் விட்ட கப்பல் பிஸ்மார்க், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் போர்க்கப்பலின் மாதிரி. 1/350 அளவு (அசல் நீளத்தில் 350-இல் ஒரு பங்கு), அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கென்றே வரும், பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட். நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டி, பீரங்கிக் குழல் ஒவ்வொன்றிலும் ஊசியால் துளை போட்டு, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் திணித்து, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் மாமா நிலத்தில் இருக்கும் பம்பு செட் தொட்டியில் கொண்டுபோய் இறக்கினேன். கையை எடுத்ததும் இடது பக்கமாகச் சாய்ந்து அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டது. மோட்டாரை இன்னும் ஓட்டக்கூட இல்லை. "இன்னாடா, கப்பல் வந்ததும் வராததுமா தூங்கப் போயிடுச்சு?" என்று மாமா கேட்டதை எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஒட்டுவதற்கு முன் எதையும் நான் எடை போட்டுப் பார்க்கவே இல்லை. கிட் செய்த கம்பெனி அதை மிதக்க வைப்பதற்காகச் செய்யவில்லை, மிதப்பது முழுக்க நம் பொறுப்பு. அதனால் இங்கே நான் எழுதுவதில் பாதி எடையைப் பற்றித்தான் இருக்கும், மீதிப் பாதியில் மோட்டார், ரேடியோ, பசை எல்லாம் வரும். பெயின்ட் அடிப்பதைப் பற்றி நிறைய எதிர்பார்க்காதீர்கள், அதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எந்தக் கிட் வாங்குவது

கடையில் படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். 1/72 என்றால் நீளத்தை 72-ஆல் வகுக்கிறோம், சரி. ஆனால் எடையை 72-ஆல் ஒருமுறை வகுத்தால் போதாது, மூன்று முறை வகுக்க வேண்டும், ஏனென்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றுமே சுருங்குகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஃப்ளவர் வகைக் கார்வெட்டை (சின்னக் காவல் போர்க்கப்பல்) எடுத்துக்கொள்ளுங்கள். அசல் கப்பல் 62.5 மீட்டர் நீளம், 925 டன். 1/72-இல் நீளம் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர், எடை இரண்டரைக் கிலோ. அதாவது அடிப்பாகத்துச் சிவப்புப் பெயின்ட் முடியும் கோடு (தண்ணீர்க் கோடு) சரியாகத் தண்ணீரைத் தொட்டு நிற்க, பிளாஸ்டிக், மோட்டார், பேட்டரி, அடியில் வைக்கும் பாரம் எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும். தாராளம்.

இப்போது என் பிஸ்மார்க்கைப் பாருங்கள். அசல் 251 மீட்டர், முழுச் சுமையோடு 50,000 டன். 350-ஆல் மூன்று முறை வகுத்தால் 1.17 கிலோ! 72 சென்டிமீட்டர் நீளக் கப்பலுக்கு அகலம் வெறும் 10 சென்டிமீட்டர், தண்ணீருக்கு அடியில் இறங்குவது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிலும் கிட்டின் பிளாஸ்டிக் தடிமன் அசல் இரும்புத் தகட்டைப் போல 350 மடங்கு மெலிந்திருக்காது, அதனால் மேல்கட்டு (மேல்தளத்தின் மேல் நிற்கும் கட்டுமானம்), பாலம் (கப்பலை ஓட்டும் அறை), பீரங்கி மேடை எல்லாம் அசலைவிடக் கனத்துப் போய்த் தலைப்பாரம் கூடிவிடும். போதாததற்கு அலையையும் காற்றையும் யாரும் 350-ஆல் வகுத்துத் தரப்போவதில்லை. நமக்குச் சாதாரணக் காற்று அதற்குப் புயல்.

அதே 1/72-இல் ஜெர்மன் எஸ்-100 வேகப்படகுக் கிட் கிடைக்கிறது. நீளம் அரை மீட்டர் கிட்ட இருப்பதால் ஆசையாக இருக்கும், ஆனால் அசல் சுமார் 100 டன்தான் என்பதால் மொத்த எடை 270 கிராமுக்குள் அடங்க வேண்டும். செய்ய முடியாது என்று சொல்லவில்லை, சின்ன மோட்டார், குட்டி பேட்டரி வைத்துச் செய்கிறார்கள். முதல் கப்பலாக வேண்டாம், அவ்வளவுதான். 1/35-இல் வரும் அமெரிக்க எல்கோ பி.டி. படகு (டார்பிடோ வீசும் வேகப்படகு) 70 சென்டிமீட்டர், 1.3 கிலோ, இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அது தண்ணீர் மேல் எழும்பி ஓடும் படகு, மூன்று ப்ரொப்பெல்லர், மெதுவாக ஓட்டினால் பார்க்கவே பாவமாக இருக்கும், வேகமாக ஓட்ட வலுவான மோட்டார் வேண்டும். இரண்டாவதாகச் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் கார்வெட்தான். திமிங்கிலம் பிடிக்கும் கப்பலின் வடிவத்தை வைத்துக் கட்டியது என்பதால் வயிறு பெருத்து, ஆழமாக இருக்கும். ஒரே ப்ரொப்பெல்லர், ஒரே சுக்கான். அசல் கப்பல் கடலில் பயங்கரமாக ஆடும் என்று பேர் வாங்கியது, நம்முடையது கொஞ்சம் ஆடினாலும் "அசலே அப்படித்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொன்று, பெட்டியில் 'வாட்டர்லைன்' என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அதில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகமே வராது.

பெட்டி வந்ததும் பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு மொத்தமாகச் சமையலறைத் தராசில் வையுங்கள். அம்மா திட்டினால் ஐந்து நிமிஷம் என்று சொல்லுங்கள். அந்த எடையையும், பிற்பாடு வாங்கும் ஒவ்வொரு பொருளின் எடையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கார்வெட்டுக்கு உதாரணம் சொன்னால், 9 கிராம் சர்வோ (சுக்கானைத் திருப்பும் குட்டி மோட்டார்), 15 கிராம் ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்குவது), 30 கிராம் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, 70 கிராம் மோட்டார், 120 கிராம் பேட்டரி. கூட்டினால் கால் கிலோ சுமார்தான். ஆக, கிட்டின் எடை போக மீதி முழுக்க நாம் அடியில் வைக்கப்போகும் பாரம். இந்தச் சுதந்திரம்தான் பெரிய கப்பலின் லாபம். பாரத்தை எங்கே வேண்டுமானாலும், எவ்வளவு கீழே வேண்டுமானாலும் வைக்கலாம்.

உடலை ஒட்டுவது

கிட் பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். தெர்மாகோலும் அதேதான், நுரை போலப் பொங்க வைத்தது, அவ்வளவே வித்தியாசம். கிட்டுக்கென்று விற்கும் திரவப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் இணைப்பு நன்றாக அமைந்தால் தண்ணீர் புகாது. நம்மூர் வெயிலில் ஒரு தொல்லை உண்டு. அக்னி நட்சத்திர மதியத்தில் பிரஷ்ஷில் எடுத்த பசை பாகத்தைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். விடிகாலையில் ஒட்டுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நம் சொந்தத்தில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனியில் வேலை செய்வார், வீட்டில் ஒரு டப்பா சொல்யூஷன் இருக்கும், "தோலையே பிடிச்சிக்குது, உன் பிளாஸ்டிக்கைப் பிடிக்காதா" என்று தருவார். என் மச்சான் தந்தார். அதில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கை நன்றாகவே பிடித்தது. மறுநாள் காலையில் மேல்தளம் அப்பளம் போல நெளிந்திருந்தது. மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் நல்ல எண்ணத்தில்தான் தந்தார்.

உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டபின் இணைப்பின் உள்பக்கம் நெடுக ஒரு பட்டை ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் தகடு காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் வீட்டில் பழைய சிடி டப்பா கிடந்தால் அதுவும் பாலிஸ்டைரீன்தான், கிட் பசையிலேயே ஒட்டும். கொஞ்சம் உடையும் சுபாவம், கத்தியால் இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடித்து உடைத்தால் நேராக வரும். ஏடிஎம் கார்டு வெட்டி ஒட்டலாமா என்று கேட்பார்கள். அது வேறு பிளாஸ்டிக், இந்தப் பசையில் சரியாக ஒட்டாது. கிட்டில் மீந்த சட்டத் துண்டுகளைப் பொடியாக வெட்டிப் பசையில் ஊறப்போட்டால் கூழ் போல ஆகும், இடுக்குகளை அடைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. அரால்டைட்டும் தேவைப்படும், உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கும் இடத்தில். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது பிடிக்காமல் பிறகு தகடாக உரிந்து வரும், எமரி பேப்பரால் நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டு வையுங்கள்.

கசிவு பார்ப்பதற்கு உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே கொஞ்சம் கோலமாவைத் தூவி, கப்பலைக் கையால் அழுத்தித் தண்ணீரில் பத்து நிமிஷம் பிடியுங்கள். எங்கே ஈரம் படிகிறதோ அங்கே மாவு இருண்டு, கசியும் இடத்திலிருந்து கோடு கிழித்துக் காட்டும்.

தண்டும் ப்ரொப்பெல்லரும்

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர் அழகுக்கு. அதைத் தூக்கி வைத்துவிட்டு, பித்தளையிலோ நைலானிலோ 30 முதல் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்று வாங்குங்கள். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டும் அதன் குழாயும் சேர்த்தே விற்கிறார்கள், வாங்கினால் வேலை சுலபம். கையைச் சுட்டுக்கொள்ளாமல் செய்ய வேண்டுமென்றால் நான் செய்தது இது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் இழுத்து நீட்டும் ஏரியலைக் காயலான் கடையில் பொறுக்கி எடுங்கள். அது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பித்தளைக் குழாய்கள், மேலே குரோம் பூச்சு. தண்டுக்குச் சைக்கிள் போக்கு (சக்கரத்தின் ஸ்போக் கம்பி), சாதாரணமாக 2 மில்லிமீட்டர் தடிமன், நுனியில் மரையும் இருக்கும். அந்தக் குழாய்களில் எது போக்குக்குத் தளர்வாகப் பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு முனையிலும் அடுத்த சின்னக் குழாயை அரை சென்டிமீட்டர் வெட்டிச் செருகிப் பற்றவைத்தால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தயார். நடுவில் கிரீஸ் நிற்க இடம் கிடைக்கும். பற்றவைப்பு கைவராதவர்கள் லேத் பட்டறையில் கொடுங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பாய்லர் பாகத்துக்கு மரை போடுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் டீ குடிக்கும் நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

பின்பக்கம் துளை போடும்போது காய்ச்சிய கம்பியால் குத்துவது நம் எல்லோருக்கும் வரும் ஆசை. வேண்டாம், பிளாஸ்டிக் உருகிச் சுற்றிலும் கட்டி கட்டும், துளை கோணலாகும். கையால் சுற்றும் சின்ன துரப்பணத்தில் சின்னத் துளை போட்டு, வட்ட அரத்தால் மெல்லப் பெரிதாக்குங்கள். இப்போது முக்கியமான இடம். குழாயின் உள்முனை, கப்பலுக்குள் இருக்கும் முனை, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் கிரீஸ் காலியானாலும் தண்ணீர் குழாய்க்குள் ஏறித் தன் மட்டத்தில் நின்றுவிடும், உள்ளே வழியாது. சுக்கான் குழாய்க்கும் இதே விதி. சாய்வு அதிகமாகிவிடும் என்று பயந்து குழாயைத் தாழ்த்தி வைப்பவர்கள் ஒவ்வொரு அரைமணிக்கும் கரைக்கு வந்து ஸ்பாஞ்சால் பிழிந்துகொண்டிருப்பார்கள்.

மோட்டாருக்கு வருவோம். எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அலை அசலைப் போலத் தெரிய, அசல் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கார்வெட்டின் உச்ச வேகம் 16 நாட், அதாவது விநாடிக்கு 8.2 மீட்டர். 72-இன் வர்க்கமூலம் எட்டரை. ஆக நமக்குத் தேவை விநாடிக்கு 1 மீட்டர் கிட்டத்தட்ட, கரையில் நாம் மெதுவாக நடக்கும் வேகம். அதற்கு ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால் ஏறக்குறையப் போதும். பத்தாயிரம், இருபதாயிரம் சுற்றும் பொம்மைக் கார் மோட்டார் எதற்கு? செத்துப்போன இங்க்ஜெட் பிரின்டரைப் பிரித்துப் பாருங்கள். அதில் இரண்டு ஒயர் மட்டும் வரும் டிசி மோட்டார் ஒன்றாவது இருக்கும் (நாலைந்து ஒயர் வந்தால் அது ஸ்டெப்பர், நமக்கு உதவாது). கூடுதல் வோல்ட்டேஜுக்குச் செய்தது என்பதால் நம் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் நிதானமாக, சத்தமில்லாமல், கரண்டும் குறைவாகக் குடித்து ஓடும். கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாருங்கள். 385 அளவு மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, கேபாசிட்டர், ஸ்விட்ச் எல்லாம் ஒரே தெருவில் முடியும், கூடவே தேவையில்லாத நாலு பொருளும் வாங்கி வருவீர்கள்.

மோட்டாரை ஒட்டும்போது தண்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் இருக்க, இரண்டு அச்சின் மேலும் இறுக்கமான ஒரு நேர்க் குழாயை மாட்டி, அந்த நிலையிலேயே மோட்டாரின் தாங்கியை ஒட்டுங்கள். காய்ந்ததும் குழாயை எடுத்துவிட்டு வளையும் இணைப்பைப் போடலாம். சின்ன மோட்டாருக்குச் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு போதும். நேர்கோடு தவறியிருந்தால் கப்பல் தையல் மெஷின் போலச் சத்தம் போடும், அதை எந்த இணைப்பாலும் மறைக்க முடியாது.

ரேடியோ

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இன்று இது எல்லாவற்றிலும் சுலபமான பகுதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் செட் எதுவானாலும் சரி, கப்பலுக்கு இரண்டு சேனல் போதும், ஒன்று சுக்கான், ஒன்று வேகம். ஃப்ளைஸ்கை கம்பெனி செட்டுகள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. வேகக் கட்டுப்பாட்டுப் பலகை பிரஷ் மோட்டாருக்கானதாக (நம் இரண்டு ஒயர் டிசி மோட்டார் அந்த வகை), பின்னோக்கியும் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ரிவர்ஸ் இல்லாத கப்பல் கரையில் முட்டினால் முட்டியபடியே நிற்கும். ப்ரொப்பெல்லரைத் துணி வைத்துப் பிடித்து ஒரு விநாடி ஓட்டி மல்டிமீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள், பலகையின் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். பாசி சுற்றினால் மோட்டார் அதையேதான் இழுக்கும். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் 104 என்று போட்ட கேபாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒன்று, மொத்தம் மூன்று பற்றவையுங்கள். இல்லாவிட்டால் சர்வோ சாமி வந்த மாதிரி நடுங்கும்.

ரிசீவரின் ஏரியல் ஒயர் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, மேல்தளத்துக்கு அடியில் ஒட்டியபடி இருக்க வேண்டும். இந்த அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கிவிடும், அடியில் போட்டால் கொஞ்ச தூரம் தாண்டியதும் கப்பல் நம் பேச்சைக் கேட்காது. கையில் இருக்கும் செட்டை முதலில் ஆன் செய்து, கடைசியில் ஆஃப் செய்யுங்கள். தொட்டியில் ஓடும்போது ஒருமுறை வேண்டுமென்றே செட்டை ஆஃப் செய்து பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) சரிசெய்யாமல் ஏரிப் பக்கம் போகாதீர்கள்.

பேட்டரிக்கு 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் வசதி. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3.3-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். மண் சட்டியில் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். மே மாதத்தில் வண்டியின் சீட்டுக்கடியில் பேட்டரியை வைத்துவிட்டு டீக்கடையில் உட்காருவது தற்கொலைக்குச் சமம். கப்பலையும் மூடிய காரில் வெயிலில் விடாதீர்கள், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். 2200 மில்லி ஆம்பியர் பேட்டரியில் சராசரி 2 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் வரும் என்று காகிதம் சொல்லும், நீங்கள் போனில் 40 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் திரும்பி வந்துவிடுங்கள்.

மேல்தளம், சுக்கான், பாரம்

கிட்டின் சுக்கானை அப்படியே வைத்தால் திரும்பவே ஒரு ஏரி வேண்டும். பித்தளைத் தகட்டில் ஒன்றரை மடங்கு பெரிதாக வெட்டி, போக்குத் துண்டில் பற்றவையுங்கள். தண்ணீருக்கு அடியில் யாரும் பார்க்கப்போவதில்லை.

மேல்தளத்தை முழுக்க ஒட்டிவிட்டுப் பிறகு பேட்டரியை எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்தவன் நான் மட்டும் இல்லை என்று நம்புகிறேன். பாலமும் புகைபோக்கியும் இருக்கும் மேல்கட்டு முழுவதும் ஒரே துண்டாகக் கழன்று வரும்படி செய்யுங்கள். அது உட்காரும் இடத்தில் மேல்தளத்தைச் செவ்வகமாக வெட்டி, வெட்டிய விளிம்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பினால், மேல்தளத்தில் அலை ஏறினாலும் உள்ளே வழியாது, மேல்கட்டு அதன்மேல் மூடி போலக் கவிழ்ந்து உட்காரும். ரப்பர் வாஷர் எதுவும் தேவைப்பட்டதில்லை. பின்பக்கம் சர்வோவுக்கு மேலே தனியாக ஒரு சின்ன மூடி வையுங்கள், சர்வோ பழுதாகும் நாள் வரும்.

முகப்பிலும் பின்கோடியிலும் காலி இடத்தில் தெர்மாகோல் துண்டுகளை அடையுங்கள். கிட் பசை பட்டால் தெர்மாகோல் கரைந்து மறைந்துவிடும், ஃபெவிகாலில் ஒட்டுங்கள். கப்பலுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அடிக்குப் போகாமல் இருக்க, ஈயமும் உலோகமும் எவ்வளவு எடையோ அதைத் தாங்கும் அளவுக்கு வேண்டும். ஒரு லிட்டர் தெர்மாகோல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாரம். டயர் கடையில் சக்கரம் சமப்படுத்த ஒட்டும் எடைக் கட்டிகள் இருக்கும், ஐந்து கிராம், பத்து கிராம் என்று பிரித்து, அடியில் ஒட்டுப்பட்டையோடு வரும். கழற்றிப் போட்ட பழையதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டும் ஆகும், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். 87 சென்டிமீட்டர் கப்பலுக்கு வாளி போதாது, மொட்டை மாடியில் செங்கல்லை நாலு பக்கமும் இரண்டு வரிசை அடுக்கி உள்ளே தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் நிரப்பினால் கப்பல்துறை தயார். எல்லாவற்றையும், கடைசிப் பாய்மரக் கம்பி வரைக்கும், ஒட்டாமல் அதனதன் இடத்தில் வைத்து, எடைகளை அடித்தளத்தில் நடுக்கோட்டில் பரப்பிக்கொண்டே வாருங்கள். முகப்பு தூக்கினால் முன்னே, சாய்ந்தால் எதிர்ப்பக்கம். கோடு தண்ணீரைத் தொட்டதும் உடனே ஒட்டிவிடாதீர்கள். மேல்தள ஓரத்தை விரலால் அழுத்தித் தண்ணீர் தொடும் வரை சாய்த்து விடுங்கள். விருட்டென்று நிமிர்ந்தால் நல்லது. சோம்பேறித்தனமாக, யோசித்து யோசித்து நிமிர்ந்தால் தலைப்பாரம் அதிகம் என்று அர்த்தம். பேட்டரியை இன்னும் கீழே இறக்குங்கள், பாய்மரத்தில் போட்ட பித்தளைக் கம்பியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கையே வையுங்கள், மேல்கட்டின் உள்பக்கம் கிட்டில் வரும் தேவையற்ற தடுப்புகளை வெட்டி எறியுங்கள். மேலே எடுக்கும் ஒரு கிராம் கீழே வைக்கும் பல கிராமுக்குச் சமம். என் பிஸ்மார்க்கில் பேட்டரி எங்கே இருந்தது தெரியுமா? இடம் இல்லை என்று மேல்தளத்துக்கு அடியில் தொங்கவிட்டிருந்தேன். பிறகு எப்படி நிற்கும்?

நிமிர்வதில் திருப்தி வந்தபிறகு ஒட்டுங்கள், அப்புறம் பெயின்ட். பெயின்ட் காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு கோட்டு, ஸ்டிக்கர் மேலேயும் சேர்த்து.

எங்கே விடுவது

பாலாற்றில் விடலாமே என்று கிண்டல் செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடியபோது கப்பலை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை, மற்ற நாளில் மணல்தான். வேலூர்க் கோட்டை அகழியில் விட எனக்கும் ஆசைதான், ஜலகண்டேஸ்வரர் கோபுரம் பின்னால் தெரியக் கப்பல் போகும் போட்டோவை மனதில் எடுத்தாகிவிட்டது. ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி கேட்காமல் இறக்காதீர்கள்.

முதல் நாலைந்து தடவை பம்பு செட் தொட்டிதான் சிறந்த இடம். தண்ணீர் தெளிவு, நாலு பக்கமும் சுவர், கை எட்டும். அதற்குப் பிறகு ஊர்க் குளம், கோயில் குளம் இல்லை, சாதாரணக் குளம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை மாதத்தில் தண்ணீர் நிறைந்து காற்று அடங்கியிருக்கும் விடிகாலை நம் பருவம். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரியில் எட்டு மணிக்கு மேல் எழும் அலை, நமக்கு அலையே இல்லை என்று தோன்றினாலும் கப்பலுக்கு அட்லாண்டிக். ஆகாயத்தாமரை இருக்கும் பக்கமே போகாதீர்கள். மீன் குத்தகை எடுத்தவர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், "அண்ணா, வலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க" என்று கேட்டால் அவரே பாதி நேரம் செட்டை வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பார்.

கப்பல் நடுவில் நின்றுபோனால் நீந்திப் போய் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. தூண்டில் நரம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டிக் கப்பலைத் தாண்டி எறிந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும், இல்லாவிட்டால் காற்று தானாகவே கரை சேர்க்கும் வரை உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடுங்கள். ஒருவேளை மூழ்கிவிட்டால் தேட, ஐந்து மீட்டர் நூலில் ஒரு தெர்மாகோல் உருண்டையைக் கட்டி, நூலைச் சுருட்டி, மேல்தளத்தில் இருக்கும் குட்டி உயிர்காப்புப் படகு ஒன்றுக்கு அடியில் ஒட்டாமல் ஒளித்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, மேல்கட்டை எடுத்து, உள்ளே ஃபேன் காற்றில் காய விட்டு, தண்டுக் குழாயில் புது கிரீஸ் ஏற்றிவிட்டு அலமாரியில் வையுங்கள். என் அலமாரியில் கார்வெட்டுக்குப் பக்கத்தில் பிஸ்மார்க் இருக்கிறது, மோட்டாரை எடுத்துவிட்டேன். மாமா வரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து, "எழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்.